சொந்த மொழியில் காலூன்றாத தேடுபொறி யாருக்கு?

ஒரு நாட்டு மொழியில் பிறந்த தேடுபொறி ஆங்கிலச் சந்தைக்குள் நுழைகிறது என்றால், அதை வெற்றிச் செய்தியாகவே எல்லோரும் கொண்டாடுகிறார்கள். உள்ளூர்ப் பிள்ளை உலகை வெல்லப் புறப்பட்டுவிட்டான் என்று பூரிக்கிறார்கள். இந்தியாவிலும் இத்தகைய முயற்சிகள் வரவேண்டும், தமிழிலும் ஒன்று தோன்றி ஆங்கிலத்தில் கடை விரிக்க வேண்டும் என்று நம் இளைஞர்களில் பலர் ஆசைப்படுகிறார்கள். ஆசை நல்லதுதான். ஆனால் கோலார் தங்கவயலில் மூன்று நான்கு தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழர்களாகிய நாம், இந்தப் பயணத்தில் நமக்கு என்ன பங்கு, யார் முன்னே போகிறார்கள், யார் பின்னே விடப்படுகிறார்கள் என்று கேட்டுப் பார்க்க வேண்டியவர்களாக இருக்கிறோம்.

இது கணிப்பொறி படித்தவர்களின் விவகாரம், நமக்கெதற்கு என்று ஒதுங்கிவிட முடியாது. இன்று ஓய்வூதியத்துக்கு மனுப் போடுவதானாலும், பிள்ளைக்குக் கல்வி உதவித்தொகை தேடுவதானாலும், நுரையீரல் நோய்க்கு மருத்துவமனை விசாரிப்பதானாலும், கைப்பேசியில் நாலு சொல்லைத் தட்டிப் பார்ப்பதே முதற்படி ஆகிவிட்டது. அந்த நாலு சொல்லுக்கு விடை தருகிறவன் யாரோ அவனே நமக்கும் உலகத்துக்கும் இடையில் நிற்கும் வாசற்காவலன். அவனுக்கு நம் மொழி தெரியுமா, நாம் இருக்கும் ஊர் தெரியுமா என்பது நமது அன்றாட வாழ்வைத் தொடும் பிரச்சினை.

ரஷ்யாவிலிருந்து ஒரு பாடம்

இந்த விஷயத்தில் நாம் ஆராய வேண்டிய முதல் உதாரணம் ரஷ்யாவின் யாண்டெக்ஸ். ஆர்க்காடி வோலோஷ், இலியா செகலோவிச் என்ற இருவரும் வளர்த்தெடுத்த இந்தத் தேடுபொறி 1997-ம் ஆண்டு செப்டம்பரில் மக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. கூகுள் கம்பெனி பதிவாவதற்கு ஓராண்டு முன்பு என்பதைக் கவனிக்க வேண்டும்.

அது தன் நாட்டில் வென்றது எப்படி? தேசபக்தி முழக்கத்தால் அல்ல, மொழியறிவால். ரஷ்ய மொழியில் ஒரு பெயர்ச்சொல் வேற்றுமைக்கு வேற்றுமை உருமாறும். வீட்டைக் குறிக்கும் 'தோம்' என்ற சொல்லே தோமா, தோமு, தோமெ என்று பல வடிவம் எடுக்கும். ஆங்கிலத்தை மனத்தில் கொண்டு செய்யப்பட்ட அக்காலத் தேடுபொறிகளுக்கு இவை ஒவ்வொன்றும் வேறு வேறு சொல். ஒரு வடிவத்தைத் தேடினால் மற்றதெல்லாம் விட்டுப்போகும். யாண்டெக்ஸைச் செய்தவர்கள் ரஷ்ய இலக்கணத்தையே பொறிக்குள் வைத்தார்கள். எந்த வடிவத்தில் தேடினாலும் அந்தச் சொல்லின் குடும்பம் முழுவதும் வந்து நின்றது. அதனால்தான் உலகத்தின் பெரும் பகுதியைக் கூகுள் விழுங்கிய பிறகும், ரஷ்யாவில் பாதிக்கு மேற்பட்ட தேடல்கள் பல ஆண்டுகள் யாண்டெக்ஸிடமே இருந்தன.

இன்னொன்றையும் அவர்கள் செய்தார்கள். 2009-ம் ஆண்டில், தேடுகிறவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தார்கள். மொழி ஒன்றேயானாலும் மாஸ்கோக்காரருக்கு ஒரு விடை, சைபீரியாக்காரருக்கு வேறு விடை. அதாவது மொழி வேறு, இடம் வேறு என்ற உண்மையை அந்தப் பொறி கற்றுக்கொண்டது. இது நமக்கு எவ்வளவு முக்கியமான செய்தி என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இவ்விதம் வீட்டில் வேரூன்றிய பிறகே, 2010-ம் ஆண்டு மே மாதம், யாண்டெக்ஸ் ஆங்கிலத்தில் ஒரு தேடுதளத்தைத் திறந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் அமெரிக்கப் பங்குச் சந்தையில் இறங்கி 130 கோடி டாலர் திரட்டியது. அதே ஆண்டு துருக்கியிலும் கடை திறந்தது.

ஆங்கிலத்தில் என்ன நடந்தது? இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ சொல்லத்தக்க பங்கு எதுவும் அதற்குக் கிடைக்கவில்லை. ஒரு படத்தைக் கொடுத்து அதைப்போன்ற படங்களைத் தேடுவதற்கு நல்ல கருவி என்ற பெயர் மட்டும் கிடைத்தது. ரஷ்ய இலக்கணம் தெரிந்ததால் வீட்டில் கிடைத்த பலம், ஆங்கிலத்தில் செல்லுபடியாகவில்லை. அங்கே அது வரிசையில் கடைசியாக வந்து நின்ற இன்னொரு வியாபாரி. அவ்வளவுதான்.

பூட்டியிருக்கும் கதவு

யாண்டெக்ஸுக்கு மட்டும் நேர்ந்ததல்ல இது. சீனாவின் பைடு 2008-ல் ஜப்பானில் தேடுதளம் தொடங்கி 2015-ல் மூடியது. கொரியாவின் நேவர் தன் நாட்டில் முடிசூடா மன்னன். ஜப்பானில் இருமுறை தேடுபொறி நடத்திப் பார்த்து இருமுறையும் கைவிட்டது.

நமக்குப் பக்கத்தில் நடந்ததைப் பார்ப்போம். மாரிக்குப்பத்தில் ரயிலேறினால் போய் இறங்கும் பெங்களூரில், 2006-ம் ஆண்டு குருஜி என்ற தேடுபொறி தொடங்கப்பட்டது. இந்தியச் செய்திகளை இந்தியருக்குத் தேடித் தருவோம் என்றார்கள். தமிழ், கன்னடம் உள்ளிட்ட மொழிகளிலும் தேடலாம் என்றார்கள். அமெரிக்க மூலதனமும் வந்தது. பின்னர் இசைத் தேடலை முன்னிறுத்தினார்கள். 2010-ல் பாடல் உரிமை வழக்கில் சிக்கினார்கள். அடுத்த ஆண்டோடு கதை முடிந்தது. தேடுபொறி அல்ல என்றாலும், அதே பெங்களூரில் 2020-ல் கன்னடத்தில் முதலடி வைத்த கூ என்ற செயலியையும் நாம் மறந்துவிடக் கூடாது. தாய்மொழியில் பேசுவோம் என்ற நல்ல முழக்கத்தோடு வந்தது. வீட்டில் கால் பாவுவதற்குள் 2021-ல் நைஜீரியா, 2022-ல் பிரேசில் என்று ஓடியது. 2024 ஜூலையில் மூடப்பட்டது.

இவர்களுக்குத் திறமை இல்லாமலா போயிற்று? இல்லை. ஆங்கிலச் சந்தையின் கதவு திறமையால் திறப்பதல்ல. அமெரிக்க அரசு கூகுள் மீது தொடுத்த வழக்கில் வெளிவந்த ஒரு கணக்கைக் கேளுங்கள். கைப்பேசியிலும் உலாவியிலும் தன் தேடுபொறியே முதலில் வந்து நிற்க வேண்டும் என்பதற்காக, 2021-ம் ஆண்டில் மட்டும் கூகுள் பிற கம்பெனிகளுக்குக் கொடுத்த தொகை 2,630 கோடி டாலர். வாசலில் இடம் பிடிப்பதற்கு மட்டும் இவ்வளவு! 2024 ஆகஸ்டில் வாஷிங்டன் நீதிமன்றம் இதைச் சட்டவிரோத ஏகபோகம் என்றே தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பரில் வந்த உத்தரவு, தனியுரிமை ஒப்பந்தங்களைத் தடுத்தது. சில தேடல் விவரங்களைப் போட்டியாளருக்குத் தர வேண்டும் என்றது. கம்பெனியை உடைக்க மறுத்துவிட்டது. நம் நாட்டிலும் 2022 அக்டோபரில் போட்டி ஆணையம் ஆண்ட்ராய்டு விவகாரத்தில் 1,337 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஏகபோகம் என்று நாம் சொன்னால் பழைய கோஷம் என்று சிரிப்பவர்கள், நீதிமன்றமே அந்தச் சொல்லை எழுதியிருப்பதைப் படிக்கட்டும்.

ஆகவே, வட்டார மொழித் தேடுபொறி ஆங்கிலச் சந்தைக்குப் போவது தவறு என்று நாம் சொல்லவில்லை. யாண்டெக்ஸ் போனது தன் வீட்டை ஒழுங்குபடுத்திய பிறகு. அங்கே தோற்றாலும் இங்கே நிலைத்தது. வீட்டை விட்டுவிட்டு ஓடியவர்களுக்கு இரண்டும் இல்லாமல் போயிற்று. நாம் சொல்ல வருவது இதுதான்: தமிழுக்கு வெளிச் சந்தை என்று ஒன்று உண்டானால், அது முதலில் ஆங்கிலம் அல்ல. தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் தமிழரே அந்த முதல் வெளிச் சந்தை.

தமிழில் தேடினால் தமிழ்நாடு வருகிறது

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தங்கவயலில் ஒரு குடும்பத் தலைவி, தனக்கு அரசு தரும் மாதத் தொகையைப் பற்றித் தமிழில் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முன்னால் வந்து குவிவது பெரும்பாலும் தமிழ்நாட்டு அரசின் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை பற்றிய செய்திதான். 2023 செப்டம்பரில் தொடங்கிய அத்திட்டத்தின்படி மாதம் ஆயிரம் ரூபாய். ஆனால் அவருக்கு உரியது கர்நாடக அரசு 2023 ஆகஸ்டில் தொடங்கிய கிருஹலட்சுமி. அதன்படி மாதம் இரண்டாயிரம் ரூபாய். அது பற்றிய அரசு விவரமெல்லாம் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. முதியோர் உதவித்தொகைக்கு வழி தேடினால் தமிழ்நாட்டு இ-சேவை மையத்துக்குப் போகச் சொல்கிறது. நம் ஊரில் இருப்பதோ நாடக்கச்சேரி. நமக்குரிய திட்டத்தின் பெயரோ சந்தியா சுரக்ஷா.

பொறிக்குத் தமிழ் தெரியவில்லை என்று இதற்குப் பொருளல்ல. தமிழ் என்றால் தமிழ்நாடு என்று அது முடிவு கட்டிவிட்டது. மொழிக்கு ஒரு மாநிலம், மாநிலத்துக்கு ஒரு மொழி என்பது அரசியல்வாதிகளின் பழைய கணக்கு. அந்தக் கணக்கே இப்போது பொறிக்குள்ளும் புகுந்து உட்கார்ந்திருக்கிறது. 1956-ல் மொழிவாரி எல்லை வகுத்தபோது கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டவர்கள் நாம். இப்போது இரண்டாம் முறையாக நம்மீது கோடு கிழிக்கப்படுகிறது.

இந்தக் கஷ்டம் தங்கவயலோடு முடிவதல்ல. பெங்களூரில், மும்பை தாராவியில், யாழ்ப்பாணத்தில், இலங்கை மலையகத்தில், பினாங்கில், சிங்கப்பூரில் இருக்கும் தமிழருக்கும் மொழி ஒன்று, சர்க்கார் வேறு, சட்டம் வேறு, அலுவலகத்தின் பெயர் வேறு. சைபீரியாக்காரருக்கு அவர் ஊர் விடையை அவர் மொழியில் தர ரஷ்யப் பொறி 2009-லேயே கற்றுக்கொண்டது. நமக்கு அதைக் கற்றுத்தரும் பொறி எது? ஆங்கிலத்துக்குப் போகத் துடிக்கும் எந்த நிறுவனமாவது இதைச் செய்துவிட்டுப் போகிறதா?

தமிழின் இலக்கணமும் ரஷ்ய மொழியைவிட எளியதல்ல. சுரங்கம் என்ற சொல் சுரங்கத்தில், சுரங்கத்துக்கு, சுரங்கங்களிலிருந்து என்று மாறும். சேர்த்தெழுதினால் சுரங்கத்தொழிலாளர்களுக்கும் என்று ஒரே சொல்லாய் நீளும். நம் பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். நம் பேச்சிலோ கன்னடமும் தெலுங்கும் ஆங்கிலமும் கலந்திருக்கின்றன. இவ்வளவையும் தெரிந்துகொள்வது கடினமான வேலை. லாபம் குறைந்த வேலை. ஆனால் செய்யத் தக்க வேலை.

தேடினால் கிடைக்காத தங்கவயல்

இனி நமது வரலாற்றைத் தேடிப் பார்ப்போம். கே.ஜி.எஃப். என்று தட்டினால் 2018-லும் 2022-லும் வந்த திரைப்படங்கள் முன்னால் வந்து நிற்கின்றன. கதாநாயகன் வருகிறான், துப்பாக்கி வருகிறது, வசூல் கணக்கு வருகிறது. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது முதல் 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது வரை, பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி ஏறத்தாழ 800 டன் தங்கத்தை வெட்டியெடுத்த மக்கள் வருவதில்லை. வந்தாலும் ஆங்கிலத்தில், கம்பெனி எழுதிவைத்த கணக்காக வருகிறார்கள்.

நம்மிடம் எழுத்து இல்லாமலா இருந்தது? அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ், அவர் மறைவுக்குப் பிறகு 1926-ல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு மீண்டும் வெளிவந்தது இந்தத் தங்கவயலிலிருந்துதான். பண்டிதரின் நூல்களை அச்சிட்டுப் பரப்பியது சாம்பியன் ரீஃப்ஸில் இருந்த சித்தார்த்தா புத்தகசாலை. பகலில் சுரங்கத்தில் உழைத்து இரவில் விளக்கடியில் பத்திரிகை படித்த தொழிலாளர் ஊர் இது. அதற்குப் பிறகும் எத்தனை துண்டுப் பிரசுரங்கள், சங்க அறிக்கைகள், நாடக நோட்டீசுகள், ஆண்டு மலர்கள்! அவற்றுள் தேடுபொறியின் கண்ணில் படுவது எத்தனை?

காரணம் எளிது. பொறி எழுத்தைத்தான் படிக்கும். பழைய தாளைப் படம் பிடித்துப் போட்டால் அது பொறிக்குப் படமே தவிர எழுத்தல்ல. எழுத்தாக மாற்றினால்தான் தேடலில் சிக்கும். கணிப்பொறியில் அச்சுக் கோத்த மலர்களுக்கும் இதே கதிதான். அச்சகத்துக்கு அச்சகம் ஒரு எழுத்துருவைக் கையாண்டார்கள். 1999-ல் சென்னை மாநாட்டில் பொது முறை வகுத்தார்கள். தமிழ்நாட்டு அரசு 2010-ல் யூனிகோடை ஏற்றது. ஆயினும் பழைய எழுத்துருவில் செய்ததெல்லாம் பொறிக்கு இன்னும் பொருளற்ற கிறுக்கல். நம் ஊர் நமக்குத் தெரியும், உலகத்துக்குத் தெரியாது என்ற நிலை இப்படித்தான் உண்டாகிறது. நாளைக்கு நம் பேரப்பிள்ளைகளுக்கும் தெரியாமற் போகும்.

சிலர் சொல்லும் சமாதானங்கள்

கூகுளே தமிழில் இருக்கிறது, காசு கேட்காமல் தருகிறது, பிறகெதற்குக் கவலை என்பார்கள் சிலர். கிடைக்கும் வசதியை நாமும் பயன்படுத்துகிறோம். ஆனால் காசு கேட்கவில்லை என்பது சரியல்ல. யார், எங்கே, எதைத் தேடினார் என்ற விவரம்தான் அங்கே விலை. தங்கவயலுக்கு இது புதிதல்ல. 1930-ல் தொழிலாளரின் கைரேகையை எடுத்துப் பதிவு செய்யும் முறையை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினார்கள். முறையான தொழிற்சங்கம் தோன்றியிராத காலம் அது. எங்கள் விரலின் அடையாளத்தை ஏன் எடுக்கிறாய், எடுத்து என்ன செய்வாய் என்று கேட்கும் தெளிவு நம் முன்னோருக்கு இருந்தது. இன்று நம் கைரேகை மட்டுமல்ல, மனத்தில் எழும் கேள்வியே பதிவாகிறது. நாம் அதே கேள்வியைக் கேட்கக்கூடாதா?

வேறு சிலர், சோறு போடுவது ஆங்கிலம்தான் என்பார்கள். இருக்கட்டும். சென்னையில் 1996-ல் தொடங்கிய ஸோஹோ நிறுவனம் ஆங்கிலத்தில் உலகத்துக்கெல்லாம் மென்பொருள் விற்று வளர்ந்ததை நாம் பெருமையோடுதான் பார்க்கிறோம். ஆனால் அலுவலகக் கணக்கு மென்பொருள் எந்த மொழிக்காரனுக்கும் ஏறக்குறைய ஒரே பொருள். தேடுபொறி அப்படியல்ல. அது மொழியாலும் இடத்தாலும் ஆனது. ஒன்றில் வென்ற வழி மற்றொன்றுக்குப் பொருந்தாது. தங்கவயல் மக்களுக்கு இந்தப் பாடம் தெரியும். இங்கே வெட்டிய பொன் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போயிற்று. நமக்கு மிஞ்சியது காற்றில் தூசி பறக்கும் சயனைடு மேடுகள். தமிழரின் மூளையும் உழைப்பும் ஆங்கிலச் சந்தைக்குப் பண்டம் செய்து, தமிழில் தேடுகிறவருக்கு மிச்சம் மீதி என்றால், அதுவும் அதே ஏற்றுமதிதான்.

மூன்றாவது கூட்டம் ஒன்றுண்டு. அரசாங்கமே ஒரு தேடுபொறி செய்துவிட்டால் தீர்ந்தது என்பார்கள். இதிலும் அவசரப்படக் கூடாது. ரஷ்ய அரசின் நிறுவனம் 2014-ல் ஸ்புட்னிக் என்ற தேடுபொறியைத் தொடங்கியது, மக்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை, 2020-ல் மூடினார்கள். பிரான்சும் ஜெர்மனியும் 2005-ல் குவேரோ என்று கூட்டாகத் தொடங்கின. அடுத்த ஆண்டே ஜெர்மனி விலகிக்கொண்டது. யாண்டெக்ஸின் பிற்காலக் கதையும் எச்சரிக்கைதான். செய்திகளைத் தொகுத்துத் தரும் தளங்களே அச்செய்திகளுக்குப் பொறுப்பு என்று ரஷ்யா 2016-ல் சட்டம் செய்தது. அதன்பின் பதிவு பெற்ற பத்திரிகைகளின் செய்தியே முன்னால் வந்தது. உக்ரைன் போருக்குப் பின் 2022-ல் செய்திப் பகுதியையே விற்றார்கள். 2024-ல் ரஷ்யத் தொழில் முழுவதும் ரஷ்ய முதலீட்டாளர் கைக்குப் போயிற்று. நம் மொழியைப் பேசும் பொறி என்பதாலேயே அது நம்முடைய பொறி ஆகிவிடாது. தாய்மொழி பேசும் காவலனும் கதவைச் சாத்துவான்.

அந்நியக் கம்பெனியும் வேண்டாம், சர்க்காரின் பிடியும் வேண்டாம் என்றால் வேறு என்ன வழி? ஐரோப்பாவில் ஒரு வழியைச் சோதித்துப் பார்க்கிறார்கள். தேடுபொறிக்கு அடியில் இருப்பது ஒரு பெரிய சொல்லடைவு. எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்ற பட்டியல். இதைத் தயாரிப்பதுதான் பெருஞ்செலவு. அந்தச் சொல்லடைவைப் பல்கலைக்கழகங்களும் கணிப்பொறி மையங்களும் சேர்ந்து பொதுச் சொத்தாகத் தயாரிப்பது, அதன்மேல் யார் வேண்டுமானாலும் தேடுபொறி கட்டிக்கொள்வது என்று 2022-ல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். பாதை பொது, வண்டி அவரவருடையது. நம் நாட்டிலும் இதற்கு அடித்தளம் இல்லாமல் இல்லை. மும்பை ஐ.ஐ.டி. தலைமையில், அண்ணா பல்கலைக்கழகமும் பங்குகொண்டு, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் சுற்றுலாச் செய்திகளைத் தேடித்தரும் சந்தான் என்ற தேடுபொறியைச் செய்தார்கள். 2022-ல் மத்திய அரசு பாஷிணி என்ற மொழிபெயர்ப்புத் திட்டத்தைத் தொடங்கியது. செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். யாருக்காகச் செய்வது என்பதில்தான் தெளிவு வேண்டும்.

நாம் கேட்பது என்ன?

ஒன்று: இந்திய மொழிகளுக்குப் பொதுப் பணத்தில் ஒரு சொல்லடைவு உருவாக வேண்டும். அது ஒரு கம்பெனிக்கோ ஓர் அமைச்சகத்துக்கோ தனிச்சொத்தாக இருக்கக்கூடாது. பல்கலைக்கழகங்களின் கூட்டுப் பொறுப்பில், எல்லோருக்கும் திறந்ததாக இருக்க வேண்டும். அரசுப் பணத்தில் செய்யப்படும் தமிழ் இலக்கணக் கருவிகள் அலமாரியில் தூங்காமல் வெளியிடப்பட வேண்டும்.

இரண்டு: மொழியையும் மாநிலத்தையும் ஒன்றாக எண்ணும் முறை ஒழிய வேண்டும். தமிழில் கேட்கும் கோலார் மாவட்டத்துக்காரருக்குக் கோலார் மாவட்டத்து விடை வர வேண்டும். தமிழ்நாட்டில் கன்னடத்தில் கேட்கும் ஓசூர்க்காரருக்கும் அவ்வாறே ஓசூர் விடை வர வேண்டும். இது தமிழருக்கு மட்டும் கேட்கும் சலுகையல்ல. எல்லைக்கு இருபுறமும் உள்ள எல்லாச் சிறுபான்மையினருக்கும் உரிய நியாயம்.

மூன்று: பொறி தேடித் தர வேண்டுமானால் முதலில் பக்கம் இருக்க வேண்டும். ஒரு மாவட்டத்திலோ வட்டத்திலோ நகராட்சியிலோ மொழிச் சிறுபான்மையினர் 15 முதல் 20 சதவீதம் இருந்தால், முக்கியமான அரசு அறிவிப்புகளை அவர்கள் மொழியிலும் வெளியிட வேண்டும் என்று 1956-ம் ஆண்டின் மத்திய அரசு ஒப்பந்தக் குறிப்பே கூறுகிறது. தங்கவயலில் அந்த விகிதத்துக்குக் குறைவாகவா தமிழர் இருக்கிறோம்? கிருஹலட்சுமி, சந்தியா சுரக்ஷா, வீட்டுப் பட்டா, மருத்துவ உதவி ஆகியவை பற்றிய அறிவிப்புகளைக் கர்நாடக அரசு தமிழிலும் இணையத்தில் இட வேண்டும். படமாக அல்ல, எழுத்தாக. கன்னடம் இம்மாநிலத்தின் ஆட்சிமொழி. அதை நம் பிள்ளைகள் நன்றாகப் படிக்க வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை. அறிவிப்புப் புரியாமல் உரிமையை இழக்கும் முதியவருக்கு உதவுவது கன்னடத்துக்கு விரோதமும் ஆகாது.

நான்கு: இது நம்மை நோக்கிய கோரிக்கை. சுரங்கப் பகுதி லைன் வீடுகளில், சங்கக் கட்டடங்களில், பௌத்த சங்கங்களில், கோயில், தேவாலய அலமாரிகளில் கரையானுக்கு இரையாகிக்கொண்டிருக்கும் அச்சுத் தாள்களை இன்றே திரட்ட வேண்டும். படமெடுப்பதோடு நிறுத்தாமல் யூனிகோடு எழுத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். பெங்களூர் ரயிலில் தினம் போய்வரும் நம் இளைஞர்களிலும் இளம்பெண்களிலும் பலருக்குக் கணிப்பொறிதான் தொழில். வாரத்துக்கு ஒரு மணி நேரம், ஆளுக்கு இரண்டு பக்கம். ஐம்பது பேர் சேர்ந்தால் ஓராண்டில் ஐயாயிரம் பக்கம். இதற்கு அமெரிக்க மூலதனம் தேவையில்லை.

சயனைடு மேடுகளைப் பற்றிச் சொன்னோம். ஒரு காலத்தில் கழிவு என்று கொட்டிய அந்த மண்ணில் இன்னும் பொன் இருக்கிறது என்று, 13 மேடுகளை மீண்டும் வெட்டியெடுக்கும் திட்டத்துக்கு 2024-ல் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மொழியிலும் இன்று அதுவே நடக்கிறது. செயற்கை அறிவுப் பொறிகளுக்குத் தீனி வேண்டும் என்பதற்காக, இதுவரை யாரும் சீண்டாத சிறுமொழி எழுத்துகளையும் பெரும் கம்பெனிகள் தேடி அலைகின்றன. நம் தாள்களுக்கு விலை வரும் காலம் இது. அவற்றை நாமே எழுத்தாக்கி, நம் பெயரோடு, பொதுச் சொத்தாக வெளியிட்டால் நம் வரலாறு நம் கையில் இருக்கும். இல்லையென்றால் இதையும் வேறொருவர் வெட்டிக்கொண்டு போவார்.

ஒரு தமிழ்த் தேடுபொறி நாளை ஆங்கிலச் சந்தைக்குப் போகட்டும், சீனச் சந்தைக்கும் போகட்டும். வாழ்த்தி வழியனுப்புவோம். ஆனால் புறப்படுமுன் மாரிக்குப்பத்து முதியவர் தமிழில் கேட்கும் கேள்விக்கு மாரிக்குப்பத்து விடையைத் தந்துவிட்டுப் போகட்டும். அதுவரை தங்கவயல் சங்கங்கள் அனைத்தும், கட்சி வேற்றுமை பாராமல், மேலே சொன்ன நான்கையும் தம் பொதுக்குழுவில் வைத்து விவாதிக்க வேண்டும். மூன்றாவது கோரிக்கையை மனுவாக எழுதித் தாசில்தாரிடமும் நகரசபையிடமும் கொடுக்க வேண்டும். நான்காவதற்கு யாரிடமும் மனுக் கொடுக்க வேண்டியதில்லை. வருகிற ஞாயிறே தொடங்கலாம்.